நடந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் தூக்கவும் வேண்டும்

மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பில் என்னென்ன மாறுகிறது என்று கேட்டு எழுதுங்கள் என்று போன மாதம் இந்தப் பகுதியில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியவர்கள் நிறையப் பேர், பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது, நடுவில் யாரோ வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தி அப்புறம் கிசுகிசுப்பாகத் தொடர்ந்திருக்கிறார்கள். பெயர் போடாதீர்கள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது, மேலை நாடுகளில் 51. அதற்குப் பிறகு இன்னும் முப்பது வருடம் வாழப்போகிற ஒரு பெண்ணிடம் ‘வயசாச்சு, இனி அப்படித்தான்’ என்று வீட்டில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அது கோபம் வரவைக்கிற பேச்சு. அதனால் இந்த முறை பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

டாக்டரம்மா, எனக்கு வயது 48. பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளித் தள்ளி வருகிறது. தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன், ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். எடை பெரிதாக ஏறவில்லை, ஆனால் வயிறு மட்டும் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. கை கால் மெலிந்த மாதிரியும் இருக்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
*வாசகி, திருநெல்வேலி*

கை கால் மெலிந்த மாதிரி இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் நிறைய சுரக்கிற வயதில் பெண்ணுடம்பு கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைக்கும். அது குறைய ஆரம்பித்ததும் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு பக்கம் தசை கரைகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைவது எல்லோருக்கும் உண்டு, மாதவிடாய் நிற்கிற காலத்தில் அது இன்னும் தீவிரமாகும். இரண்டு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் எடை மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே மெஷினை விட்டுவிட்டு டெய்லர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

வாக்கிங்கை விடாதீர்கள். இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் பத்து வருடமாக அதே தெரு, அதே வேகம் என்றால் உங்கள் தொடைத் தசைக்கு அது பழகிப்போன வேலை, அதற்காகப் புதிதாக வளர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தசையும் எலும்பும் பாரம் ஏறினால்தான் கெட்டிப்படும். உலக சுகாதார நிறுவனம்கூட வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது மாதிரியான பயிற்சியோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று சேர்த்துத்தான் சொல்கிறது. நம் ஊரில் முதல் பாதியை எல்லா டாக்டர்களும் சொல்லிவிடுகிறோம், இரண்டாவது பாதியை யாருமே சொல்வதில்லை. குடமும் உரலும் இருந்த காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, அந்தக் கஷ்டம் ஒழிந்தது நல்லதுதான், ஆனால் உடம்புக்குக் கிடைத்துவந்த பாரமும் அதோடு சேர்ந்து ஒழிந்துவிட்டது, அதற்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்துபோன 101 பெண்கள், சராசரி வயது 65. ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்க, நல்ல கனமான எடையைத் தரையிலிருந்து தூக்குவது, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தூக்குவது, குதித்து இறங்குவது. எட்டு மாதத்தில் அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த இன்னொரு பிரிவினருக்குக் குறைந்தது. அவ்வளவு தூரம் போவானேன், பொள்ளாச்சியில் கிட்டம்மாள் பாட்டி 82 வயதில் 50 கிலோ தூக்கினார் என்று 2024இல் எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்ததே. நீங்கள் 48.

ஜிம்முக்குப் போக வசதி இருந்தால் போங்கள், டிரெட்மில்லில் மட்டும் ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள், எனக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் என்றால் இப்படி ஆரம்பிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்திருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண் 12 முறையாவது எழ வேண்டும் என்பது கணக்கு, உங்கள் வயதுக்கு அதைவிடக் கூடுதலாக வர வேண்டும். அது சுலபமாகிவிட்டால் பையனின் பழைய ஸ்கூல் பேக்கில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து. தரையில் வைத்த பையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல், பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பையை உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகுங்கள். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் சம எடைப் பையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லை என்றால் எடை போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டு சப்பாத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தசை கட்டுவதற்குப் புரதம் வேண்டும், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது. 60 கிலோ இருக்கிற பெண்ணுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏழெட்டு. காலையில் காபி, பிறகு மூன்று இட்லி, மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் ரசமும் மிச்சமிருக்கிற பொரியலும் என்றால் முப்பதைக்கூடத் தொடாது. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சைவமென்றால் சுண்டல், பயறு, தயிர், பனீர், மீல்மேக்கர் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது, வயது 51. தோசைக்கல் முன்னால் நிற்கும்போது திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறுகிறது, ரவிக்கை நனைந்துவிடுகிறது, அடுத்த நிமிடமே குளிர்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தால் அப்புறம் தூக்கமில்லை. பகலெல்லாம் அசதி, யோகா வகுப்பையும் விட்டுவிட்டேன். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கேன்சர் வரும் என்கிறார் நாத்தனார். உண்மையா?
*வாசகி, ஈரோடு*

எனக்கு 49இல் நின்றது. ஆபரேஷன் தியேட்டரில் கவுன், முகக்கவசம், இரட்டைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்தச் சூடு ஏறும், வியர்வை புருவத்தில் வந்து நிற்கும், துடைக்கக் கை கிடையாது, பக்கத்தில் இருக்கிற சிஸ்டர் புரிந்துகொண்டு துணியால் ஒற்றிவிடுவார். அவருக்கும் அதே வயது. ஆகவே நீங்கள் சொல்வது எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல.

மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் சூட்டை அளந்து சமாளிக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது தேவையில்லாமல் உஷாராகிவிடுகிறது, உடம்பு இம்மியளவு சூடானால்கூட ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டிக் குளிரவைக்கப் பார்க்கிறது. தோசைக்கல், கொதிக்கக் கொதிக்கக் காபி, காரம், காற்றில்லாத அறை, நைலான் நைட்டி எல்லாம் அதைத் தூண்டிவிடும். சிலருக்கு ஒரு வருடத்தில் அடங்கும், சராசரியாக ஏழு வருடம் வரைகூட நீடிக்கலாம். ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாத்தனார் சொல்வது 2002இல் பிறந்த பயம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றை, ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று அந்த வருடம் ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள், செய்தி உலகமெங்கும் பரவியது, பெண்கள் ஒரே இரவில் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். எவ்வளவு கூடுதல் என்பது மட்டும் பரவவில்லை. ஹார்மோன் எடுக்காத பத்தாயிரம் பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, அதாவது மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஆரம்பித்தவர்கள் பலர். கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை.

அந்தத் தகவல்களையெல்லாம் திரும்ப அலசிப் பார்த்தபின் இன்று நாங்கள் சொல்வது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், தொந்தரவு அதிகமாக இருக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சையில் நன்மைதான் அதிகம், எலும்பையும் அது காக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் கூடாது, அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ரத்தக்கட்டு பயம் இருந்தால் தோலில் தடவுகிற ஜெல் இருக்கிறது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான். கூடவே தைராய்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரி படபடப்பும் வியர்வையும் காட்டும். தூக்கம் திரும்பினால் யோகா வகுப்பு தானாகத் திரும்பும்.

38 வயதில் அதிக ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது 44. அதிலிருந்தே உடம்பு போய்விட்டது. முழங்கால் வலி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆறு மாதமாக வலது தோளைத் தூக்கவே முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எல்லாம் கர்ப்பப்பை எடுத்ததால்தானா?
*வாசகி, விழுப்புரம்*

முதலில் பீரோவில் தேடி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். எடுத்தது கர்ப்பப்பை மட்டுமா, இரண்டு சினைப்பையும் சேர்த்தா என்று அதில் இருக்கும். என்னிடம் வருகிற பெண்களில் பலருக்கு இது தெரியாது, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் செய்தவர்கள் என் தொழில்காரர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், இந்தியாவில் 49 வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது 35 வயதுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிற சினைப்பைகள் இரண்டும் போயிருந்தால் உங்களுக்கு மெனோபாஸ் படிப்படியாக வரவில்லை, ஆபரேஷன் அன்றைக்கே வந்துவிட்டது. 38 வயதிலிருந்து எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயற்கையாக நிற்க வேண்டிய வயது வரைக்குமாவது ஹார்மோன் கொடுப்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே இல்லை, கொடுக்க வேண்டிய சிகிச்சை. எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிட வேண்டும். சினைப்பைகள் இருந்தால் அவை வேலை செய்துகொண்டிருக்கும், ஆனாலும் மற்றவர்களைவிட ஓரிரு வருடம் முன்னதாகவே ஓயலாம், மாதவிடாய் என்ற அடையாளம் இல்லாததால் எப்போது ஓய்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தோள் வேறு கதை. கொக்கி மாட்டக் கை பின்னால் போகவில்லை என்பதைக் கேட்டதுமே உறைந்த தோள்பட்டை, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர் என்றுதான் தோன்றுகிறது. 40 முதல் 60 வயதுக்குள் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரை பார்க்காமல் இருந்தால் நாளைக்கே பாருங்கள், தோள் வலிக்காக வந்து சர்க்கரை நோய் தெரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். இது கழன்று சரியாக ஒன்று முதல் மூன்று வருடம் எடுக்கலாம். வலி உயிர்போகிற கட்டத்தில் யாரையும் வைத்து இழுத்து முறுக்கவிடாதீர்கள், எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வருகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வீட்டில் ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் மேலிருந்தும் கீழிருந்தும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை மெதுவாக மேலே இழுப்பது, சுவரில் விரல்களால் ஊர்ந்து ஏறுவது, இரண்டும் போதும். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதைக் கர்ப்பப்பை கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், பிரஷர், ஒரு ஈசிஜி. ஈஸ்ட்ரோஜன் போனபின் கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இதய நோயில் பெண்களுக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. பெண்களுக்கு ஹார்ட் அட்டாக் வரும்போது எப்போதும் நெஞ்சைப் பிடிக்கிற வலியாக வராது, மூச்சுத்திணறல், தாடை வலி, வாந்தி, இன்னதென்று சொல்லத் தெரியாத அசதி என்றும் வரும்.

குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. வயது 57. கட்டு பிரித்தாகிவிட்டது. எங்கள் தெருவில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு ‘எலும்பு தேய்மானம்’ என்று கால்சியம் மாத்திரையும் புரதப் பவுடரும் விற்றார்கள். கேழ்வரகு சாப்பிட்டால் போதாதா?
*வாசகி, கும்பகோணம்*

தேய்மானம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு நோய்களைக் குழப்புகிறோம். முழங்காலில் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வது ஒன்று, அது வலிக்கும். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து சல்லடை மாதிரி ஆவது இன்னொன்று, அது எலும்புப்புரை, உடைகிற நாள்வரை வலிக்கவே வலிக்காது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அதை வழுக்கல் என்று விட்டுவிடக் கூடாது, அது உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை, அடுத்தது முதுகெலும்பிலோ இடுப்பிலோ வரலாம். மாவுக்கட்டுப் போட்டவர்கள் உங்களுக்கு அடுத்த பரிசோதனையைச் சொல்லியிருக்க வேண்டும்.

குதிகால் மெஷினை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும், எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், ஊசி கிடையாது, வலி கிடையாது, படுத்திருந்தால் சில நிமிடத்தில் முடியும். டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அப்போது கால்சியம் மட்டும் போதாது, எலும்பு கரைவதைத் தடுக்கிற மருந்துகள் இருக்கின்றன, வாரம் ஒரு மாத்திரை அல்லது வருடத்துக்கு ஒரு ஊசி என்று. உங்களுக்கு எலும்பு ஏற்கெனவே உடைந்திருப்பதால் எண் கொஞ்சம் நன்றாக வந்தாலும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேழ்வரகு நல்லதுதான். நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு வேளை கேழ்வரகுக் கூழோ அடையோ, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலி என்று கூட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும். குறைகிறதை மட்டும் மாத்திரையில் எடுங்கள், சாப்பாட்டோடு, இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்க்காமல், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி. வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்ததைத் தினம் ஒன்று விழுங்கி ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியோடு அட்மிட் ஆனவரைப் பார்த்திருக்கிறேன். வாரம் என்றால் வாரம்.

பயிற்சி உங்களுக்கும் உண்டு. ஆனால் திருநெல்வேலி வாசகிக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் முடிவு வந்தபின் பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஆரம்பியுங்கள், குதிப்பதும், முன்னால் குனிந்து கால் விரலைத் தொடுவதும், படுத்தெழுகிற சிட்-அப்பும் இப்போது வேண்டாம். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, மேடையைப் பிடித்தபடி நின்று தடுமாறாமல் பழகுவதை இன்றைக்கே தொடங்கலாம். விழாமல் இருப்பதும் எலும்பு சிகிச்சைதான். குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத மேட், ராத்திரி ஒரு சின்ன விளக்கு.

ஜும்பா வகுப்பில் சேர்ந்தேன். குதித்ததும் சிறுநீர் கசிந்துவிட்டது. தும்மினாலும் வருகிறது. வெட்கமாக இருக்கிறது, வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன், வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. வயது 53.
*வாசகி, கோவை*

தண்ணீரைக் குடியுங்கள். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் அவசரமாக வரும், நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்ளும்.

இடுப்புத் தளத் தசை என்று ஒன்று இருக்கிறது, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிற தொட்டில் மாதிரி. பிரசவங்களால் தளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததில் இன்னும் தளர்ந்திருக்கிறது. அதுவும் தசைதான், பயிற்சி கொடுத்தால் வலுக்கும். வாயுவை அடக்குவது மாதிரியும் சிறுநீரை நிறுத்துவது மாதிரியும் உள்ளே, மேலே இழுங்கள், வயிறு, தொடை, பின்பக்கம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை முழுதாக விடுங்கள், நாளடைவில் பத்து வரை. ஒரு தடவைக்கு பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தபிறகுதான் பலன் தெரிகிறதா இல்லையா என்று பேசலாம். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது இன்றைக்கே உதவும். பெண்ணுறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு இருந்தால் உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு, கணவன் மனைவி உறவில் இருக்கிற வலியும் அதில் குறையும். இதைக் கேட்கத்தான் பலரும் தயங்குகிறீர்கள், தயவுசெய்து கேளுங்கள். அதுவரை ஜும்பாவில் குதிக்கிற இடத்தில் குதிக்காமல் ஆடுங்கள், வகுப்பை விடாதீர்கள்.

என் மனைவிக்கு 47. ஆறு மாதமாக எப்போதும் படுத்தே இருக்கிறார், எரிந்து விழுகிறார். மாதத்தில் பதினைந்து நாள் தீட்டு. உடம்பை அசைக்காததால்தான் இப்படி என்று ஜிம்மில் சேர்க்கப் பணம் கட்டிவிட்டேன், போக மறுக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
*வாசகர், சேலம்*

ஐயா, அக்கறையில்தான் கட்டியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பதினைந்து நாள் ரத்தம் போகிற பெண்ணை ஜிம்முக்கு அனுப்பாதீர்கள், லேபுக்கு அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். ஏழு இருந்துகொண்டு நான்கு பேருக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருக்கிற பெண்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன், அவர்களைச் சோம்பேறி என்று வீடே சொல்லிக்கொண்டிருக்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துப் பழைய துணி மாதிரி இருக்கிறதா என்று. நிற்கப்போகிற காலத்தில் ரத்தப்போக்கு தாறுமாறாக ஆவது சகஜம் என்றாலும் ஸ்கேனும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்சுவர்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மாத்திரைகள் இருக்கின்றன, கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் சுரக்கிற ‘காயில்’ (coil) என்ற சாதனமும் இருக்கிறது, ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும். எடுத்தவுடனே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு ஒரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

ரத்தம் ஏறியபின் ஜிம்மைப் பற்றி அவரிடமே கேளுங்கள், அந்த ஒரு மணி நேரம் அடுப்பு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்துப் போன வாரம் லேசாகத் திட்டுத்திட்டாகப் பட்டது, ஒரே நாள்தான். எடை தூக்கும் பயிற்சி ஆரம்பித்ததால் இருக்குமா?
*வாசகி, மதுரை*

பயிற்சியால் இருக்காது. ஒரு வருடம் நின்றபின் ஒரு சொட்டு வந்தாலும் காரணம் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் உள்சுவர் வறண்டு மெலிந்ததாலோ சின்ன சதை வளர்ச்சியாலோதான் இருக்கும், ஆனால் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கலாம், ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அடுத்த மாதம் கல்யாணம் இருக்கிறது, முடிந்ததும் போகிறேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது, ஸ்கேனுக்கு அரை மணி நேரம்தான் ஆகும். இந்த வாரமே போய்விட்டு வந்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.